ஆங்கிலப் ‘பை’ தடுக்கும் இடங்கள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

‘பை’ (by) என்ற இந்த இரண்டெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாகத் தமிழில் ஒரு சொல் கிடையாது. ஆல், இல், க்குள், படி, அருகே, கணக்கில், ஆக என்று ஏழெட்டு உருபுகளும் சொற்களும் சேர்ந்து அதன் வேலையைப் பங்குபோட்டுச் செய்கின்றன. பள்ளியில் நமக்குக் கிடைத்தது ‘ஆல்’ ஒன்றுதான். செயப்பாட்டுவினைப் பாடத்தில் ‘ராவணன் ராமனால் கொல்லப்பட்டான்’ என்று பத்துத் தடவை எழுதிவிட்டு, ‘பை’ தெரிந்துவிட்டது என்று வெளியே வந்துவிட்டோம். பிறகு சம்பள அறிவிப்பிலும், விண்ணப்பப் படிவத்திலும், மேலதிகாரியின் மின்னஞ்சலிலும் அதே சொல் வேறு வேறு முகத்தோடு வந்து நிற்கிறது.

நான் அறிவிப்புகளும் ஒப்பந்தங்களும் படிவங்களும் மொழிபெயர்ப்பவன். அரிய சொற்கள் என்னை ஏமாற்றியது குறைவு. தெரியாத சொல்லென்றால் கை தானாக அகராதிக்குப் போய்விடும். தெரியும் என்று நினைத்துத் தாண்டிப் போன சின்னச் சொற்களில்தான் நான் தவறியிருக்கிறேன். அதில் முதலிடம் ‘பை’க்கு.

உங்களுக்கு எங்கே தடுக்கிறதோ அந்த அறிகுறிக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். எல்லாவற்றுக்கும் பொதுவான முதல் சோதனை ஒன்று உண்டு. ‘பை’க்கு வலப்பக்கம் நிற்கும் சொல் என்ன என்று பாருங்கள். நேரமா, ஆளா, வண்டியா, தொகையா, இடமா, விதியா? பொருளை முடிவுசெய்வது அந்தச் சொல்தான். இடப்பக்கத்து வினையை அதன் பிறகு பார்த்தால் போதும்.

அறிகுறி: கெடு எந்த நாளோடு முடிகிறது என்பதில் தகராறு

‘சப்மிட் இட் பை ஃப்ரைடே’ என்று ஒரு கடிதம். ஒருவர் வியாழனன்றே கொடுத்துவிடுகிறார். இன்னொருவர் வெள்ளி மாலை கொடுக்கிறார். மூன்றாமவர், வெள்ளி முழுவதும் நேரம் இருக்கிறதே என்று சனிக்கிழமை காலையில் கொண்டுவந்து நீட்டுகிறார்.

வலப்பக்கம் நாளோ மணியோ நின்றால் ‘பை’ என்பது ‘க்குள்’. வெள்ளிக்கிழமைக்குள் கொடு. நடைமுறையில் வெள்ளியும் அதில் சேர்த்தி. வெள்ளியைச் சேர்க்காமல் அதற்கு முன்பே வேண்டுமென்றால் ‘பிஃபோர் ஃப்ரைடே’ என்றுதான் எழுத வேண்டும். வெள்ளி எத்தனை மணியோடு முடிகிறது என்பது ‘பை’க்குள் இல்லை. அலுவலகம் பூட்டும் நேரமா, நள்ளிரவா, அமெரிக்காவில் இருக்கும் வாடிக்கையாளரின் நள்ளிரவா என்று கேட்டு எழுதி வாங்குவதே பாதுகாப்பு. சட்ட மொழியில் ‘ஆன் ஆர் பிஃபோர்’ என்று நீட்டி எழுதுவது இந்தச் சந்தேகத்தை அடைக்கத்தான். பணமோ வழக்கோ தொடர்புடைய தாளில் நானும் அப்படியே எழுதுகிறேன். தமிழில் ‘15ஆம் தேதியன்றோ அதற்கு முன்போ’.

கடைசி நாள் விடுமுறையாக இருந்தால்? 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 10ஆம் பிரிவு, மத்தியச் சட்டப்படி நீதிமன்றத்திலோ அரசு அலுவலகத்திலோ செய்ய வேண்டிய செயலுக்கு, அலுவலகம் திறக்கும் அடுத்த நாள்வரை இடம் கொடுக்கிறது. தனியார் நிறுவனத்தின் கடிதத்தில் வரும் கெடுவுக்கு அந்தச் சலுகை இருக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

‘பை’யையும் ‘டில்’லையும் கலந்துவிடுவது அடுத்த சிக்கல். இதில் தமிழர் தடுமாற வேண்டிய தேவையே இல்லை. ‘க்குள்’, ‘வரை’ என்ற இரண்டையும் நாம் குழந்தையிலிருந்தே பிரித்துத்தான் பேசுகிறோம். எழுதப்போகும் வாக்கியத்தை முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘ஐந்து மணி வரை அலுவலகத்தில் இருப்பேன்’ என்று வந்தால் ‘டில்’. ‘ஐந்து மணிக்குள் அலுவலகத்துக்கு வந்துவிடுவேன்’ என்று வந்தால் ‘பை’. நீடிக்கிற செயலுக்கு வரை, ஒரு கணத்தில் முடிகிற செயலுக்கு க்குள். இந்த வேற்றுமையைத் தவறவிட்டு ‘ஐ வில் பி இன் தி ஆபீஸ் பை ஃபைவ்’ என்று எழுதினால், மூன்று மணிக்கு உங்களைப் பார்க்க நினைத்தவர் அந்த எண்ணத்தையே விட்டுவிடுவார். நீங்களோ மூன்று மணிக்கு அங்கேதான் உட்கார்ந்திருப்பீர்கள்.

எதிர்மறையில் மட்டும் தமிழ் கைகொடுக்காது. ‘ஐந்து மணி வரை அவர் வரவில்லை’ என்ற தமிழ் வாக்கியம், பிறகு வந்தாரா இல்லையா என்று சொல்வதில்லை. ஆங்கிலம் பிரித்துச் சொல்லும். ‘ஹி ஹேட் நாட் கம் பை ஃபைவ்’ என்றால் ஐந்து அடிக்கும்போது அவர் வந்திருக்கவில்லை, அவ்வளவே. ‘ஹி டிட் நாட் கம் டில் ஃபைவ்’ என்றால் ஐந்து மணிக்கு வந்துவிட்டார். வருகைப் பதிவு, வாக்குமூலம் போன்றவற்றை ஆங்கிலத்தில் எழுதும்போது, பேசியவரிடம் திரும்பக் கேட்காமல் இதை எழுதக் கூடாது.

கூடவே வரும் ‘பை தி டைம்’ என்பதற்கு ‘அந்த நேரத்தில்’ என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அது ‘-வதற்குள்’. ‘நான் போய்ச் சேர்வதற்குள் பஸ் போய்விட்டது.’ ‘போய்விட்டது’ என்பதில் இருக்கும் ‘விட்டது’தான் ஆங்கிலத்தில் ‘ஹேட் லெஃப்ட்’ என்று வருகிறது. அதை விட்டுவிட்டு வெறும் ‘லெஃப்ட்’ என்று எழுதினால், நீங்கள் போய் நின்ற நேரத்தில்தான் பஸ் கிளம்பியது போல வாசகருக்குத் தோன்றலாம். எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது ‘பை தி டைம் யூ ரீச்’ என்று நிகழ்காலத்தில் நிறுத்துங்கள். நடுவில் ‘வில்’ வேண்டாம். ‘பை நவ்’ என்பது நம் ‘இந்நேரம்’. இந்நேரம் வண்டி விழுப்புரம் தாண்டியிருக்கும்.

அறிகுறி: ‘பை டூ டேஸ்’ என்று எழுதினேன், திருத்திவிட்டார்கள்

திருத்தியவர் செய்தது சரி. நம் ‘க்குள்’ இரண்டு வேலை பார்க்கிறது. ‘திங்கட்கிழமைக்குள்’ என்பதில் அது ஒரு புள்ளியைத் தொடுகிறது. ‘இரண்டு நாளுக்குள்’ என்பதில் ஒரு நீளத்தை அளக்கிறது. ஆங்கிலத்தில் புள்ளிக்கு ‘பை’, நீளத்துக்கு ‘விதின்’. ஆகவே ‘பை மண்டே’, ‘விதின் டூ டேஸ்’.

‘இன் டூ டேஸ்’ இன்னொன்று. யாராவது ‘ஐ வில் கம் இன் டூ டேஸ்’ என்றால் இரண்டு நாள் கழித்து வருவார். நாளைக்கே வந்துவிடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அறிகுறி: கூட்டிய தொகையை மொத்தத் தொகை என்று படிக்கிறார்கள்

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்சாலைக்கு அறிவிப்பு ஒன்றைத் தமிழாக்கிக் கொடுத்தேன். ஓவர்டைம் கூலி மணிக்கு ‘பை 40 ருபீஸ்’ உயர்கிறது என்று ஆங்கிலத்தில் இருந்தது. நான் ‘40 ரூபாயாக உயர்த்தப்படுகிறது’ என்று எழுதிவிட்டேன். அங்கே தொழிலாளர்கள் ஏற்கெனவே 85 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை தொலைபேசி வந்தது. நேரில் போய்ப் பார்த்தேன். ஷிப்ட் மாறும் வாசலில் ஒட்டியிருந்த தாளில் ‘ரூபாயாக’ என்ற சொல்லுக்குக் கீழே யாரோ அழுத்திக் கோடு போட்டு, பக்கத்தில் பென்சிலால் ‘இப்போதே 85’ என்று எழுதியிருந்தார்கள். அழுத்திய வேகத்தில் அந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது. கூலியைக் குறைக்கப் போகிறார்கள் என்று ஒரு இரவு முழுக்க அவர்கள் நம்பியிருக்கிறார்கள். நான் சேர்த்த ‘ஆக’தான் அதைச் செய்தது.

ஆங்கிலத்தில் ‘பை’ எவ்வளவு கூடியது என்று சொல்லும். ‘டு’ எதில் போய் நின்றது என்று சொல்லும். தமிழில் எதையும் ஒட்டாத ‘40 ரூபாய் உயர்ந்தது’ என்பது ‘பை’. ‘40 ரூபாயாக உயர்ந்தது’ என்பது ‘டு’. ஒரு நெடிலும் ஒரு ககரமும்தான் வேற்றுமை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்: ‘40 ரூபாய் கூட்டப்பட்டு, 85 ரூபாயிலிருந்து 125 ரூபாயாகிறது’. மூலத்தில் ஒன்றுதான் இருந்தால் மற்றதைக் கேட்டு வாங்குகிறேன்.

சதவீதம் வந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ரிசர்வ் வங்கி 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை, மற்ற வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியாகிய ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. ஆங்கிலச் செய்தியில் ‘பை 250 பேசிஸ் பாயின்ட்ஸ்’. அதாவது 2.5 சதவீதப் புள்ளிகள். இதை ‘2.5 சதவீதம் உயர்ந்தது’ என்று எழுதினால், 4-இல் 2.5 சதவீதம் கூடி 4.1 ஆனது என்றும் ஒருவர் கணக்குப் போடலாம். உண்மையில் அந்த விகிதம் முன்பு இருந்ததைவிட 62.5 சதவீதம் கூடியிருக்கிறது. ‘சதவீதப் புள்ளி’ என்ற சொல் கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கடன் வாங்கியவர் படிக்கும் செய்தியில் அது இருந்தே ஆக வேண்டும்.

அறிகுறி: ‘பை’ போட்ட இடத்தில் ‘வித்’ என்று திருத்தம் வருகிறது

‘ஐ ரோட் இட் பை பென்’, ‘ஹி கட் இட் பை நைஃப்’. நம்மவர் ஆங்கிலத்தில் நான் மிகுதியாகக் காணும் பிழை இது. இதற்கான காரணம் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. நன்னூல் மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்ற பொருள்களைச் சொல்கிறது. ‘பேனாவால் எழுதினேன்’ என்பதில் ஆல் கருவிப் பொருளில் வருகிறது. ‘புலவரால் பாடப்பட்டது’ என்பதில் அதே ஆல் கருத்தாப் பொருளில் வருகிறது. நமக்கு இரண்டுக்கும் ஒரே உருபு. ஆங்கிலம் இந்த வீட்டை வேறு இடத்தில் சுவர் வைத்துப் பிரித்திருக்கிறது. கருத்தாவுக்கு ‘பை’, கருவிக்கும், ‘நண்பனோடு போனேன்’ போன்ற உடனிகழ்ச்சிக்கும் ‘வித்’.

ஆகவே சோதனை எளிது. ‘பை’க்கு வலப்பக்கம் இருப்பது செயலைச் செய்ததா, செய்தவர் கையில் இருந்ததா? கையில் இருந்ததென்றால் ‘வித்’ போடுங்கள்.

செய்தது என்றால் மனிதனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தீயால் அழிந்தது, லாரி மோதியது, வெள்ளம் அடித்துப்போனது எல்லாம் ‘பை’தான். இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒருவர் கல் பட்டு இறந்தார் என்று வையுங்கள். ‘கில்ட் பை எ ஸ்டோன்’ என்றால் கல் தானாக உருண்டோ விழுந்தோ வந்திருக்கிறது. ‘கில்ட் வித் எ ஸ்டோன்’ என்றால் அந்தக் கல்லை ஒரு கை பிடித்திருக்கிறது. முதலாவது விபத்து, இரண்டாவது கொலை. தமிழில் ‘கல்லால் இறந்தார்’ என்று எழுதியிருக்கும் வாக்குமூலத்தை ஆங்கிலமாக்குகிறவர் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முன்னும் பின்னும் இருக்கும் வரிகளைப் படிக்க வேண்டும். படித்தும் தெரியாவிட்டால் கேட்க வேண்டும். ஊகித்து எழுத நமக்கு உரிமை இல்லை.

வினை வடிவம் வலப்பக்கம் வந்தால் மறுபடியும் ‘பை’. ‘பை பிரஸ்ஸிங் தி பட்டன்’. இதைத் தமிழாக்கும்போது ‘பட்டனை அழுத்துவதன் மூலம்’ என்று எழுதுகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ‘பட்டனை அழுத்தி’ என்று எழுதுங்கள். வினையெச்சம் ஒன்றே அந்த வேலையை முடித்துவிடும்போது ‘மூலம்’ எதற்கு?

அறிகுறி: ‘பை வாக்’ என்றால் வெளிநாட்டவர் புருவம் உயர்த்துகிறார்

‘பை பஸ்’, ‘பை டிரெய்ன்’, ‘பை ஆட்டோ’ எல்லாம் சரி. அந்த வரிசையில் நாம் ‘பை வாக்’கையும் சேர்த்துவிட்டோம். ஆங்கிலத்தில் நடைக்கு ‘ஆன் ஃபுட்’, அல்லது வெறுமனே ‘ஐ வாக்ட்’. வண்டிப் பெயரில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ‘பை’க்குப் பிறகு பெயர் மொட்டையாக நிற்க வேண்டும். ‘பை கார்’ சரி, ‘பை மை கார்’ என்பது ‘இன் மை கார்’ ஆகிவிடும். எப்படிப் போனீர்கள் என்ற வகையைச் சொல்ல ‘பை’. குறிப்பிட்ட ஒரு வண்டியைச் சுட்டினால் ‘இன்’, ‘ஆன்’.

‘பை கேஷ்’ என்பதும் நம் ஊர் ரசீதுகளில் ஊறியது. பொது ஆங்கிலத்தில் ‘இன் கேஷ்’, ஆனால் ‘பை செக்’, ‘பை கார்ட்’. இதற்குக் காரணம் தேடி நேரம் போக்காமல் மனத்தில் பதித்துக்கொள்வதே நல்லது. அப்படிப் பதிப்பதை நாம் ‘பைஹார்ட் செய்வது’ என்கிறோம். ஆங்கிலத்தில் அது தனி வினை கிடையாது. ‘லேர்ன் பை ஹார்ட்’ என்று ‘லேர்ன்’ முன்னால் இருக்க வேண்டும். நம் வகுப்பறைக்குள் ‘பைஹார்ட்’ எல்லோருக்கும் புரிகிறது. வெளியூருக்கு எழுதும் விண்ணப்பத்தில் மட்டும் மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: என் தமிழே மொழிபெயர்ப்பு போல இருக்கிறது

மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி தமிழ் ஆங்கிலத்தைக் கெடுத்த கதை. இது மறுபக்கம், எனக்கு இதில்தான் வருத்தம் மிகுதி. ஆங்கிலத்தில் ‘பை’யைக் கண்டவுடன் ‘ஆல்’ போடுவதும், ‘ஆல்’ போட்டவுடன் ‘பட்ட’ சேர்ப்பதும் கைப்பழக்கமாகிவிட்டது. ‘காந்தியால் எழுதப்பட்ட சுயசரிதை’, ‘அமைச்சரால் தொடங்கிவைக்கப்பட்ட திட்டம்’, ‘என் அம்மாவால் செய்யப்பட்ட சாம்பார்’. எந்த வீட்டிலும் யாரும் அம்மாவால் செய்யப்பட்ட சாம்பாரைச் சாப்பிட்டதில்லை. அம்மா செய்த சாம்பார்; காந்தி எழுதிய சுயசரிதை; அமைச்சர் தொடங்கிவைத்த திட்டம். ஆங்கிலத்துக்கு ‘பை’ தேவைப்படும் இடத்தைத் தமிழில் பெயரெச்சம் தனியாகவே நிரப்பிவிடுகிறது.

சரிசெய்ய இப்படிச் செய்யுங்கள். எழுதி முடித்த பக்கத்தில் ‘பட்ட’, ‘பட்டது’ எல்லாவற்றையும் தேடி, அவற்றுக்கு முன்னால் ‘ஆல்’ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் செய்தவர் யார் என்பது தெரிந்திருக்கிறது. தெரிந்த ஆளை எழுவாயாக நிறுத்தி வாக்கியத்தைத் திருப்புங்கள். பெரும்பாலும் இரண்டு சொல் மிச்சமாகும். செய்தவர் தெரியாத இடத்தில், ‘கதவு உடைக்கப்பட்டிருந்தது’ போன்ற வாக்கியத்தில், ‘பட்டு’ இருக்கட்டும். அது அங்கே தன் வேலையைச் செய்கிறது.

படைப்புகளைச் சொல்லும்போது ஒரு பள்ளம் உண்டு. ‘எ போர்ட்ரெய்ட் பை ரவிவர்மா’ என்றால் ராஜா ரவிவர்மா வரைந்த உருவப்படம். அதைச் சுருக்கமாக ‘ரவிவர்மாவின் உருவப்படம்’ என்று எழுதினால், படத்தில் இருப்பவரே ரவிவர்மா என்று ஆகிவிடும். ஆறாம் வேற்றுமை அந்த இரண்டையும் பிரிக்காது. ‘வரைந்த’ என்ற ஒரு சொல்லைச் சேர்க்கத் தயங்காதீர்கள்.

வேறு இடங்களில் ‘ஆல்’ நினைவுக்கே வரக் கூடாது. ‘பை லா’ என்றால் சட்டப்படி. ‘பை மை வாட்ச்’ என்றால் என் கடிகாரப்படி. ‘பெய்ட் பை தி அவர்’ என்றால் மணிக்கணக்கில் கூலி, ‘பை தி கிலோ’ கிலோக் கணக்கில். ‘ஒன் பை ஒன்’ ஒவ்வொருவராக. ‘பை தி ரிவர்’ ஆற்றங்கரையில். இவற்றில் எதற்கும் அகராதி தேவையில்லை. வலப்பக்கச் சொல்லைப் பார்த்ததும் தமிழ் தானாக வந்துவிடும்.

அறிகுறி: ‘டூ பை த்ரீ’ என்றேன், அளவு என்று நினைத்துக்கொண்டார்

நம் பள்ளிகளில் பின்னத்தைப் படிக்கும் முறை ‘டூ பை த்ரீ’. மூன்றில் இரண்டு. பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ இதைச் சொன்னால் இரண்டடி அகலம், மூன்றடி நீளம் என்று எடுத்துக்கொள்வார்கள். பின்னத்துக்கு ‘டூ தேர்ட்ஸ்’ அல்லது ‘டூ ஓவர் த்ரீ’. அளவு என்று எடுத்துக்கொண்டாலும் அதை அப்படியே நம்ப முடியாது: அமெரிக்க மரக்கடைகளில் ‘டூ பை ஃபோர்’ என்று விற்கும் மரச்சட்டம் இழைத்து முடித்தபின் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கும்.

வீட்டு எண்ணுக்கும் இதே கதை. 12/3 என்பதை நாம் ‘பன்னிரண்டு பை மூன்று’ என்கிறோம். வெளிநாட்டுக் கூரியர் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் முகவரி சொல்லும்போது ‘ஸ்லாஷ்’ என்று சொல்லுங்கள். உணவகத்தில் ‘ஒன் பை டூ சூப்’ கேட்பதை மட்டும் மாற்ற வேண்டாம். ஒரு சூப்பை இரண்டு கிண்ணத்தில் பங்கிட்டு வைக்கும் பரிமாறுபவருக்கு அது சரியாகப் புரிகிறது.

அறிகுறி: ஒவ்வொரு சொல்லும் தெரிகிறது, சேர்ந்தால் பொருள் வரவில்லை

‘மே ஐ சிட் ஹியர்?’ என்று கேட்கிறீர்கள். ‘பை ஆல் மீன்ஸ்’ என்கிறார். எல்லா வழிகளிலும் என்று எண்ணிக் குழம்பாமல் உட்காருங்கள். அவர் ‘தாராளமாக’ என்கிறார். ‘பை நோ மீன்ஸ்’ என்றால் ‘கிடையவே கிடையாது’. ‘பை தி வே’ என்பது ‘அது இருக்கட்டும்’, ‘கேட்க மறந்துவிட்டேன்’ போன்ற நம் பேச்சுத் திருப்பங்களில் ஒன்று. ‘வழியில்’ என்று எழுதிவிடாதீர்கள். ‘பை அண்ட் லார்ஜ்’ பாய்மரக் கப்பலோட்டிகளிடமிருந்து வந்த தொடர். காற்றை எதிர்நோக்கி ஒட்டி ஓட்டுவது ஒன்று, காற்றைப் பின்னால் வாங்கி ஓட்டுவது மற்றது. இரண்டிலும் சரியாகப் போகிற கப்பல் என்பதிலிருந்து ‘பெரும்பாலும்’ என்ற பொருள் வளர்ந்தது.

‘டிட் யூ டூ இட் பை யுவர்செல்ஃப்?’ என்ற கேள்வி நம்மை இரண்டு பக்கம் இழுக்கும். தனியாகவா, யார் உதவியும் இல்லாமலா? ஆங்கிலம் இரண்டுக்கும் இதையே வைத்திருக்கிறது. பயண வினைக்குப் பக்கத்தில் வந்தால் பெரும்பாலும் ‘தனியாக’, செய்கை வினைக்குப் பக்கத்தில் வந்தால் ‘நீங்களாகவே’. இங்கே மட்டும் இடப்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வாழ்க்கைக் குறிப்புகளை மொழிபெயர்க்கிறவர்கள் ஒன்றில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். ‘டூ சன்ஸ் பை ஹிஸ் ஃபர்ஸ்ட் வைஃப்’ என்றால் முதல் மனைவிக்குப் பிறந்த இரண்டு மகன்கள். ‘முதல் மனைவியால்’ என்று எழுதினால் அந்தக் குடும்பத்தாரை நோகடிப்போம்.

‘ஸ்டாண்ட் பை’ இன்னொரு வழுக்குப் பாறை. ஆளோடு சேர்ந்தால் துணை நிற்பது. சொன்ன சொல்லோடு சேர்ந்தால் அதில் உறுதியாக இருப்பது. தனியாக நின்றால் ஆயத்தமாகக் காத்திருப்பது. அருகில் நின்று, கைகட்டி வேடிக்கை பார்ப்பதும் அதே தொடர்தான். துணை நிற்பதும் கைவிடுவதும் ஒரே சொல்லில் இருப்பதால் முழு வாக்கியத்தையும் படிக்காமல் இதைத் தொடவே கூடாது.

அறிகுறி: சொல்லோடு ஒட்டிய ‘பை’யைப் பிரிக்கத் தெரியவில்லை

வாங்குவதற்கான ‘பை’, விடைபெறும் ‘பை’, இந்த ‘பை’ மூன்றும் ஒரே ஒலி, எழுத்தில் வேறு. விடைபெறும் சொல் ‘கடவுள் உன்னோடு இருக்கட்டும்’ என்ற பழைய வாழ்த்து தேய்ந்து வந்தது. நம் சொல்லோடு உறவில்லை.

‘பைபாஸ்’ ஊருக்குப் பக்கமாகப் போகும் சாலை, ஆகவே புறவழிச்சாலை. அழகான தமிழாக்கம். ‘பை எலக்‌ஷன்’ இடைத்தேர்தல். இடம் காலியான 6 மாதத்துக்குள் அதை நடத்த வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு, சில விலக்குகளோடு, சொல்கிறது. மெயின் தேர்தலுக்குப் பக்கத்தில் நிற்பது என்பதால் அந்த ‘பை’.

‘பைலா’ என்பதும் அப்படித்தான் என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். சட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சட்டம், துணைவிதி. அதன் வேர் வேறாம். அதிலுள்ள ‘பை’ பழைய ஸ்காண்டிநேவிய மொழியில் ஊரைக் குறித்த சொல். இன்றும் டேனிஷ் மொழியில் ‘பை’ போன்று எழுதப்படும் சொல் நகரத்தைக் குறிக்கிறது. இங்கிலாந்தின் டெர்பி, விட்பி என்ற ஊர்ப்பெயர்களின் வாலில் இருப்பதும் அதுவே. அப்படியானால் பைலா என்பது ஊர் தனக்கென வகுத்துக்கொண்ட கட்டுப்பாடு. ‘துணைவிதி’ நிலைத்துவிட்ட சொல், அதை மாற்றச் சொல்லவில்லை. கூட்டுறவுச் சங்கத்தின் விதிகளைப் படிக்கும்போது ‘ஊர்க்கட்டுப்பாடு’ என்ற நம் சொல் எனக்கு நினைவுக்கு வருகிறது, அவ்வளவே.

கிரிக்கெட்டில் ‘பை’ என்றால் பந்து மட்டையிலும் உடம்பிலும் படாமல் கடந்துபோக, ஓடி எடுத்த ஓட்டம். மட்டையில் படாமல் உடம்பில் பட்டால் ‘லெக் பை’. இரண்டும் உதிரிக் கணக்கில் சேரும், மட்டையாளர் கணக்கில் வராது. போட்டி அட்டவணையில் ‘பை’ என்று போட்டிருந்தால் எதிராளி இல்லாமலே அடுத்த சுற்றுக்குப் போகிறீர்கள்.

கடைசியாக ‘பைஸ்டாண்டர்’. கேரள மருத்துவமனைகளில் நோயாளியோடு இரவும் பகலும் தங்கி, மருந்து வாங்கி, கஞ்சி ஊட்டுகிறவருக்கு இந்தப் பெயர். அவருக்கென்று அனுமதிச் சீட்டும் கொடுப்பார்கள். அங்கே சிகிச்சைக்குப் போய்வந்த தமிழ்க் குடும்பங்களும் அந்தச் சொல்லோடுதான் திரும்புகின்றன. உலகின் மற்ற இடங்களில் அதே சொல் சம்பவ இடத்தில் தற்செயலாக நின்ற வழிப்போக்கனைக் குறிக்கும். பத்து நாள் அப்பாவின் கட்டிலுக்கு அருகே தரையில் படுத்துக் கிடந்த மகள், வெளிநாட்டில் இருக்கும் தன் அலுவலகத்துக்கு விடுப்புக் கடிதம் எழுதும்போது ‘ஐ வாஸ் தி பைஸ்டாண்டர்’ என்று எழுதினால், சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்றுதான் அங்கே படிப்பார்கள். ‘ஐ வாஸ் டேக்கிங் கேர் ஆஃப் மை ஃபாதர்’ என்று எழுதச் சொல்லுங்கள்.